கம்ப்யூட்டரில் ஏறும் நம் வைத்தியக் குறிப்பைச் சரிபார்ப்பது எப்படி: பட்டாளத்துக் குடும்பங்களுக்கு

ஆர்மி மெடிக்கல் கோரில் 24 வருஷம் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். வீடு திருவட்டாருக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில். எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு பட்டாளத்து வீடாவது இருக்கும். ரெஃபரல் (வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு), பில், கார்டு என்று எது சிக்கினாலும் பேப்பர் கட்டோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். முன்பெல்லாம் "மருந்து கிடைக்கல்ல" என்று வருவார்கள். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "கம்ப்யூட்டர்ல அப்படி இல்லியாம்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் தரும் நம்முடைய இ.சி.எச்.எஸ். திட்டம் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது. அட்டை ஸ்மார்ட் கார்டு ஆயிற்று, ஆஸ்பத்திரி பில் ஆன்லைன் ஆயிற்று, 2021 மே மாதத்தில் செஹத் என்ற பெயரில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் வசதியும் வந்தது. இது நல்ல மாற்றம். நான் இதற்கு எதிரி இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் ஏறும் குறிப்பு சரியா, தப்பா என்று பார்க்கும் முதல் கண் நம்முடையதாக இருக்க வேண்டும். மேலே எத்தனை தணிக்கை, எத்தனை கமிட்டி இருந்தாலும், நம் காலில் ஆபரேஷன் நடந்தது இடதா வலதா என்று அவர்களுக்குத் தெரியாது.

முதலில் எங்கள் பக்கத்து வீட்டுச் சுபேதார் மாமாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருக்குச் சல்ஃபா மருந்து ஆகாது. சர்வீஸில் இருந்த காலத்தில் சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்து, வாய்க்குள் புண்ணாகி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அந்தக் கால மெடிக்கல் பேப்பரில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார்கள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் எங்கள் வழக்கமே அதுதான். அலர்ஜி இருந்தால் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதி அடிக்கோடும் போடுவோம். தூக்கக் கலக்கத்தில் நைட் டியூட்டி பார்ப்பவன் கண்ணிலும் அது படும்.

மாமா சிறுநீர்த் தொற்று என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மாமி டிஸ்சார்ஜ் பேப்பரையும் மருந்துக் கவரையும் என்னிடம் தந்து, "மக்கா, எது காலம்பற, எது ராத்திரின்னு எழுதிக் குடு" என்றார். கவரைப் பிரித்தேன். உள்ளே கோ-ட்ரைமோக்சசோல் பட்டை ஒன்று இருந்தது. அது சல்ஃபா சேர்ந்த மாத்திரை. டிஸ்சார்ஜ் பேப்பரில் 'அலர்ஜி' என்ற இடத்தில் 'எதுவும் இல்லை' என்று அச்சாகியிருந்தது.

மறுநாள் காலையில் நானே போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிள்ளை சின்ன வயசு. பயந்துவிட்டாள், ஆனால் உண்மையைச் சொன்னாள். அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாதாம். மாமாவிடம் கேட்க நேரமில்லாததால் 'இல்லை' என்று போட்டிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'இன்னும் கேட்கவில்லை' என்று போட அந்தத் திரையில் இடமே வைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுத விடாத படிவம் ஆபத்தானது. மாமா அந்த மாத்திரையைத் தொடவில்லை. மாமி என்னிடம் கேட்காமல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் நடந்தது

இதே மாதிரி ஒன்று பெரிய அளவில் அமெரிக்காவில் நடந்தது. நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. அங்கே முன்னாள் படைவீரர்களுக்கென்றே அரசாங்க ஆஸ்பத்திரிகள் உண்டு. விஸ்டா என்று அவர்களே பல வருஷமாக வளர்த்த கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்று இருந்தது. அதை மாற்றிப் புதிதாகப் போட 2018 மே மாதத்தில் செர்னர் கம்பெனியோடு 10 வருஷத்துக்குச் சுமார் 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் ஊர் ஆஸ்பத்திரியில் முதலில் ஓட விட்டார்கள்.

டாக்டர் ஸ்கேனுக்கோ, ஸ்பெஷலிஸ்டுக்கோ, லேபுக்கோ எழுதுவார். போய்ச் சேர வேண்டிய இடம் கம்ப்யூட்டருக்குப் பிடிபடாவிட்டால் அந்த உத்தரவு தனியாக ஒரு வரிசையில் போய் விழும். அப்படி ஒரு வரிசை இருப்பது ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே தெரியாது. எழுதிய டாக்டருக்கும் 'போய்ச் சேரவில்லை' என்று தகவல் வராது. அந்த ஆஸ்பத்திரிகளை நடத்தும் முன்னாள் படைவீரர் துறையின் தனித் தணிக்கை அதிகாரி 2022 ஜூலையில் அறிக்கை வெளியிட்டார். 11,000-க்கு மேற்பட்ட உத்தரவுகள் அப்படிக் காணாமல் போயிருந்தன. 149 பேருக்கு அதனால் பாதிப்பு என்று கணக்கிட்டார்கள். அதே 2022 ஜூனில் அவர்களுடைய பாராளுமன்றம் ஒரு சட்டமே போட்டது: இந்த வேலைக்கு என்ன செலவு, எத்தனை கோளாறு, நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரலில் புதிய ஊர்களுக்குக் கொண்டுபோவதை நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் ஐந்து ஆஸ்பத்திரிகளில் போட்டிருந்தார்கள்.

நம் ஏற்பாடு வேறு, அவர்களுடையது வேறு. ஆனால் ஸ்போக்கேனில் ஒரு பழைய சிப்பாய் போன் போட்டு "எனக்கு எழுதின ஸ்கேன் எங்கே போயிற்று?" என்று கேட்டிருந்தால், அவர் ஒருவருக்காவது அது அன்றைக்கே வெளியே வந்திருக்கும். நாம் செய்யப் பழக வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

முதல் வேலை: பேப்பரைச் சேர்ப்பது

கம்ப்யூட்டரில் தப்பு என்று சொல்ல, சரி எது என்று காட்டும் பேப்பர் கையில் வேண்டும். மூன்று கட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டு சர்வீஸ் காலத்தது. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டு பேப்பர், லோ மெடிக்கல் கேட்டகரி (உடல்நிலையால் தகுதி குறைத்தது) இருந்தவர்களுக்கு அதன் உத்தரவு. இது தொலைந்திருந்தால் சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் உங்கள் ரெக்கார்ட் ஆபீசுக்குத்தான் எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது வெலிங்டன், எங்கள் மெடிக்கல் கோருக்கு லக்னோ. ஊனமுற்றோர் பென்ஷன் வழக்கு என்று வந்தால் உயிர்நாடியே இந்தக் கட்டுதான்.

இரண்டாவது, பாலிகிளினிக் (இ.சி.எச்.எஸ். நடத்தும் கிளினிக்) சீட்டுகள், ரெஃபரல்கள். மருந்து இல்லை என்று 'என்.ஏ.' போட்டுத் தந்த சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பலபேர் மருந்து வாங்கியதும் அதைக் கிழித்துப் போடுகிறார்கள். மூன்றாவது, வெளி ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பர், லேப் ரிப்போர்ட், ஸ்கேன். ஸ்கேன் பிலிமை மட்டும் வைத்துக்கொண்டு ரிப்போர்ட் தாளைத் தொலைக்காதீர்கள். டாக்டர் முதலில் கேட்பது தாளைத்தான்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வீசியபோது எங்கள் வீட்டு ஓட்டின்மேல் ரப்பர் மரம் விழுந்தது. அலமாரி நனைந்தது. 24 வருஷத்துப் பேப்பரை வீட்டுக்காரியும் நானும் ரப்பர் ஷீட் காயப்போடும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். பால்பாயின்ட் பேனாவால் எழுதியது தப்பியது, மைப்பேனாவால் எழுதியது நீலக் கறையாகப் போயிற்று. ஆகவே ஒவ்வொரு தாளையும் நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷத்தை முதலில் போடுங்கள்: 2024-03-12 சர்க்கரை லேப், 2024-06-02 கண் ரெஃபரல் என்கிற மாதிரி. அப்படி வைத்தால் தானாகத் தேதி வரிசையில் நிற்கும். ஒரு பிரதி பென்டிரைவில், ஒரு பிரதி பிள்ளைகள் யாரிடமாவது. அசல் தாள்கள் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டிஸ்சார்ஜ் பேப்பரைப் படம் எடுத்துப் பட்டாளத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இது என்ன நோய், யாராவது சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சர்வீஸ் நம்பர், கார்டு நம்பர், நோய், போன் நம்பர் எல்லாம் ஒரே படத்தில் போகிறது.

ஒரு பக்கத் தாள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரே ஒரு வெள்ளைத் தாள். அதில் பி.பி.ஓ.வில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, ரத்த வகை. அதற்குக் கீழே ஆகாத மருந்து, சிவப்புப் பேனாவில். எந்த மருந்தும் ஆகாமல் போனதில்லை என்றால் 'கேட்டுப் பார்த்தாயிற்று, இல்லை' என்று எழுதுங்கள். வெறுமனே 'இல்லை' என்று எழுதினால் கேட்டு எழுதியதா, கேட்காமல் எழுதியதா என்று படிப்பவருக்குத் தெரியாது.

அப்புறம் இருக்கிற நோய்கள், எந்த வருஷம் முதல் என்று. நடந்த ஆபரேஷன்கள், இடதா வலதா என்பதோடு. உடம்புக்குள் ஸ்டென்ட், பேஸ்மேக்கர், கம்பி ஏதாவது இருந்தால் அது. இப்போது சாப்பிடும் மருந்துகளின் பெயரும் மில்லிகிராமும் வேளையும். கம்பெனிப் பெயரை எழுதாமல், மாத்திரைப் பட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் சொந்தப் பெயரை எழுதுங்கள். பாலிகிளினிக்கில் இந்த மாதம் ஒரு கம்பெனி மாத்திரை வரும், அடுத்த மாதம் வேறு கம்பெனி வரும். நிறம் மாறியதால் இரண்டும் வேறு என்று நினைத்து ஒரே பிரஷர் மாத்திரையை இரட்டையாகச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவசரத்துக்குக் கூப்பிட இரண்டு போன் நம்பர். கீழே தேதி.

இந்தத் தாளை நீங்கள் போகும் ஒவ்வொரு டாக்டரின் மேஜையிலும் வையுங்கள். கம்ப்யூட்டரில் இருப்பது இதோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள்.

பெயரும் போன் நம்பரும்

சிக்கலில் பாதி இதில்தான். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும். பட்டாளத்தில் சேரும்போது கிளார்க் அதைப் பின்னால் போட்டிருப்பார், அல்லது அப்பா பெயரை முழுசாக நீட்டியிருப்பார். ஆதாரில் இன்னொரு விதம். மனைவியின் பெயரோ இன்னும் கஷ்டம்: ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று, பட்டாளத்து ரெக்கார்டில் காது கேட்டபடி எழுதியது ஒன்று. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்.

சர்வீஸ் ரெக்கார்டில் தப்பு என்றால் அதைப் பாலிகிளினிக்கில் திருத்த முடியாது. ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி, பார்ட் டூ ஆர்டர் (சர்வீஸ் ரெக்கார்டில் மாற்றத்தைப் பதியும் உத்தரவு) வெளியாக வேண்டும். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய் எந்தெந்த அத்தாட்சி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். ஆதாரில் மட்டும் தப்பு என்றால் அது லேசு, ஆதார் மையத்தில் முடியும். எதை எதற்கு ஒப்பாக மாற்றுவது என்று முதலில் உட்கார்ந்து யோசியுங்கள். என் அனுபவத்தில் பி.பி.ஓ.வை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஒப்பாக மாற்றுவதுதான் குறைந்த அலைச்சல். மனைவி இருக்கும் காலத்திலேயே, நீங்கள் இருக்கும் காலத்திலேயே இதை முடியுங்கள். குடும்ப பென்ஷன் வாங்கும் நேரத்தில் ஓர் எழுத்துக்காகத் தனியாக அலையும் அக்காமாரைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

போன் நம்பர் இன்னொரு கதை. ஆதாரோடு இணைந்த நம்பர் மகனுடையதாக இருக்கும், மகன் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பான். ஓ.டி.பி. அங்கே போகும், அவன் டியூட்டியில் இருப்பான், இங்கே பெரியவர் கவுண்டரில் நிற்பார். உங்கள் கையில் இருக்கும் போன் நம்பரையே எல்லா இடத்திலும் கொடுங்கள். பட்டன் போன் என்றாலும் ஓ.டி.பி. வரும்.

ஆபா எண் எடுக்கலாமா?

2021 செப்டம்பரில் மத்திய அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்த டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின் எண் அது. 14 இலக்கம். வேறு வேறு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் உங்கள் குறிப்புகளை உங்கள் சம்மதத்தோடு ஒன்றாகப் பார்க்க அது ஒரு சாவி மாதிரி. எண் எடுத்ததாலேயே பழைய பேப்பர் எதுவும் தானாக உள்ளே ஏறிவிடாது. இதைப் பலபேர் தப்பாக நினைக்கிறார்கள். ஏற்கெனவே கையில் இருக்கும் தாள்களை நீங்கள்தான் ஏற்ற வேண்டும், ஆஸ்பத்திரி இணைத்தால் அங்கே உள்ளது வரும்.

எடுக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் மூன்றைக் கவனியுங்கள். ஆப்பில் சம்மதம் கேட்டு வரும்போது யார் கேட்கிறார்கள், எந்தக் குறிப்பை, எத்தனை நாளைக்கு என்று படித்துவிட்டு அமுக்குங்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்கலாம், எடுத்துவிடுங்கள். போனில் கூப்பிட்டு "உங்க இ.சி.எச்.எஸ். கார்டு லாக் ஆயிடும், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யார் சொன்னாலும் உடனே போனை வைத்துவிடுங்கள்.

பாலிகிளினிக் கவுண்டரில்

குலசேகரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, அழகியமண்டபம், தக்கலை வழியாக நாகர்கோவில் போய் இறங்கி வரிசையில் நிற்கும்போது, வேலை முடிந்தால் போதும் என்றுதான் தோன்றும். தெரியும். ஆனாலும் சீட்டை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அங்கேயே நின்று ஐந்தைப் பாருங்கள்: பெயர் உங்களுடையதா, மனைவியுடையதா. எந்தத் துறைக்கு ரெஃபரல். எந்த ஆஸ்பத்திரி. எத்தனை தேதி வரை செல்லும். டாக்டர் வாயால் சொன்ன பரிசோதனை எல்லாம் தாளில் வந்திருக்கிறதா. கண் சரியாகத் தெரியாவிட்டால் "தம்பி, அதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்" என்று கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

ரெஃபரல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அங்கே போன் போட்டு ஒருமுறை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஸ்போக்கேனில் தொலைந்த 11,000 உத்தரவுகள் ஞாபகம் இருக்கட்டும். லேப் ரிப்போர்ட் பத்து நாளாகியும் வரவில்லை என்றால் 'ஒன்றும் இல்லை போலிருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அனுப்பினார்களா, வந்ததா, யார் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டு சாதாரணக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுதான்.

அவசரத்தில் இ.சி.எச்.எஸ். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லியதற்கு அத்தாட்சி வேண்டும் என்பதால் போனில் சொன்னாலும் ஓர் ஈமெயிலும் போடச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது

சுபேதார் மாமா விஷயத்துக்குப் பிறகு நான் யாருக்குச் சொன்னாலும் இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். ஆட்டோ வந்து நிற்கிறது என்று அவசரப்படாமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே டிஸ்சார்ஜ் பேப்பரை ஒருமுறை வாசியுங்கள். வயசு, ரத்த வகை, அலர்ஜி, எந்தப் பக்கம் ஆபரேஷன், ஏற்கெனவே சாப்பிட்ட மருந்தில் எதை நிறுத்தச் சொல்கிறார்கள். கடைசியில் சொன்னதைத்தான் பலபேர் எழுத மறக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் பழையதையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிடும் ஆபத்து அதனால் வருகிறது.

உங்கள் மருத்துவக் குறிப்பின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இது 2002-இல் வந்த மருத்துவ கவுன்சில் நெறிமுறை விதிகளில் இருக்கிறது. உள்நோயாளிக் குறிப்பை மூன்று வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம், ஆகவே சுடச்சுட வாங்கிவிடுங்கள்.

தப்பைத் திருத்தச் சொல்வது

மாமா விஷயத்தில் முதலில் "மூடின ஃபைலைத் திறக்க முடியாது" என்றார்கள். உண்மைதான், திறக்கக் கூடாதுதான். பழையதை அழித்து எழுதினால் நாளைக்கு யாருக்கும் நம்பிக்கை இருக்காது. ஆனால் திருத்தக் குறிப்பு ஒன்று சேர்க்கலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவோம். அழிப்பது குற்றம். கம்ப்யூட்டரிலும் அதே நியாயம்தான். ரெக்கார்ட் பிரிவுக்குப் போய் எழுத்தில் கொடுத்தோம், மூன்றாம் நாள் டாக்டர் கையெழுத்தோடு திருத்தக் குறிப்பு வந்தது.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். நான் எழுதிய மாதிரி இதுதான்:

"இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை உங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். என் டிஸ்சார்ஜ் குறிப்பில் 'அலர்ஜி எதுவும் இல்லை' என்று உள்ளது. எனக்குச் சல்ஃபா மருந்து ஒவ்வாது. அதற்கான பட்டாளத்து மருத்துவக் குறிப்பின் நகலை இணைத்துள்ளேன். என் குறிப்பில் திருத்தம் சேர்த்து, திருத்திய நகலைத் தருமாறும், கணினியிலும் இது ஏறிவிட்டதை எழுத்தில் உறுதிசெய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் சீல் போட்டு வாங்குங்கள். கோபமாக எழுத வேண்டாம். எந்த வரி தப்பு, எது சரி, அத்தாட்சி எது, என்ன வேண்டும். இந்த நான்கும் இருந்தால் போதும்.

நகராவிட்டால் மேலே போவது

பாலிகிளினிக் சம்பந்தப்பட்டது என்றால் முதலில் அங்கே பொறுப்பதிகாரியை நேரில் பாருங்கள். அவரும் பழைய பட்டாளத்துக்காரராகத்தான் இருப்பார், மரியாதையாகச் சொன்னால் பாதி அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் இ.சி.எச்.எஸ். ரீஜினல் சென்டர், அதற்கு மேல் டெல்லியில் உள்ள மத்திய அமைப்பு. கலெக்டர் ஆபீசில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அது மாநில அரசின் கூட்டம் என்பதால் இ.சி.எச்.எஸ். விஷயத்தை அவர்கள் முடிவு செய்ய முடியாது, ஆனால் உரிய இடத்துக்கு அனுப்புவார்கள், ஒரு பதிவும் கிடைக்கும்.

மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளமான பி.ஜி. போர்ட்டலில் முன்னாள் படைவீரர் நலத்துறையைத் தேர்ந்தெடுத்துப் புகார் போடலாம். 2024 ஆகஸ்டிலிருந்து 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பதில் மழுப்பலாக இருந்தால் 30 நாளுக்குள் அப்பீல் போடலாம், விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளில். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேல் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தமிழில் எழுதலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எழுதலாம், விண்ணப்பிக்கும் பகுதியின் ஆட்சிமொழியில் எழுத அந்தச் சட்டமே இடம் தருகிறது. டெல்லிக்குப் போவதென்றால் ஆங்கில நகல் ஒன்றும் சேர்த்து அனுப்பினால் சீக்கிரம் நகரும்.

அதில் "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள், பதில் வராது. இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். என்னைப் பற்றிய கணினிப் பதிவின் நகல். நான் இன்ன தேதியில் கொடுத்த மனு யார் யார் மேஜைக்கு எந்தத் தேதியில் போயிற்று. போன வருஷம் சர்வர் வேலை செய்யாத நாட்களின் பதிவேடு. தவறான பதிவு குறித்து வந்த புகார்களின் எண்ணிக்கை, அவற்றில் தீர்த்தவை எத்தனை. பிறருடைய வைத்தியக் குறிப்பைக் கேட்கக் கூடாது, கேட்டாலும் தர மாட்டார்கள், அது நியாயம்.

கடைசி இரண்டு கேள்விகளை நான் வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். அமெரிக்காவில் சட்டம் போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுவரும் கணக்கு அந்த மாதிரிதான். நம் நாட்டிலும் மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் இல்லை. மத்திய தணிக்கைத் துறை இ.சி.எச்.எஸ். பற்றியே தனியாகத் தணிக்கை செய்து 2015-இல் 51-ஆம் எண் அறிக்கையை வெளியிட்டது. மருந்துத் தட்டுப்பாடும் ஆஸ்பத்திரிகளுக்குக் கூடுதலாகப் போன பணமும் அதில் வந்தன. பாராளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு வருஷாவருஷம் மானியக் கோரிக்கையைப் பார்க்கும்போது இந்தத் திட்டத்தையும் பார்க்கிறது. நம் தொகுதி எம்.பி. யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், பாராளுமன்றத்தில் கேள்வி கேட்க அவருக்கு உரிமை உண்டு. "இ.சி.எச்.எஸ். சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "பதிவுப் பிழை என்று எத்தனை புகார், எத்தனை நாளில் திருத்தினார்கள், அதை வருஷாவருஷம் வெளியிடுவார்களா" என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே கேட்கலாம். சங்கத்தில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்த எண்கள் வெளியே வரும்வரை, ஒருவருக்கு நடந்தது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததாகவே இருந்துகொண்டிருக்கும். இது எனக்குப் பெரிய மனவருத்தம்.

நவம்பரில் லைஃப் சர்ட்டிபிகேட் வேலைக்காக எப்படியும் கிளம்புவீர்கள். அதே வாரத்தில் அந்த ஒரு பக்கத் தாளையும் புதிதாக எழுதித் தேதி போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்திய மருந்தை அடித்துவிட்டு வைத்துக்கொள்ளாமல் முழுத் தாளையும் மாற்றுங்கள். ஒன்று கார்டோடு பர்ஸில், ஒன்று பிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தால் மாமி தேட வேண்டியதில்லை. சுபேதார் மாமா வீட்டு பிரிட்ஜில் இருப்பது நான் எழுதியது. மேலே, ரத்த வகைக்கு அடுத்த வரி சிவப்பில் இருக்கிறது.